ஏழாம் பிளாக்கில் கூட்டம்

மே 11, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியவில்லை. காப்புக்காட்டில், மிருகம் போனால் தானே படம் எடுக்கும், பிளாக்குக்கு ஒன்றான எட்டு கேமராவுக்கும் கார்டும் பேட்டரியும் மாற்ற வேண்டிய நாள்.

எடுத்துப் போனவை: கார்டு, பேட்டரி, ஜிப் கவர், மார்க்கர், தண்ணீர். மறந்தது: தொப்பி. பேட்டரியில் பாதி சார்ஜ் ஏறவே இல்லை. நேற்றுச் சாயங்காலம் கரண்டு போனதாம். யாரும் சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்த நானும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வாச்சர் சின்னையா அண்ணன் வழக்கம்போல. காட்டுக்குள் என் துணைக்கு வன இலாகா அனுப்பும் ஆள். துணை என்றால் வேலியோரப் புளிய மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் போனில் வீடியோ பார்ப்பது.

"டீச்சர், நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கிட்டு காவலுக்கு இருக்கேன்."

எதற்குக் காவல்? என் ஸ்கூட்டிக்கு.

திரும்பும்போது டீக்கடைக்காரர் வேறு. "வருசக் கணக்கா மான் சாணியப் பொறுக்குறீங்களே, இன்னுமா முடியல?" எத்தனை பேருக்குத்தான் சொல்வது. ஒரே காட்டில் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் முட்டிக்கொள்ளாமல் எப்படிப் பிழைக்கின்றன? யார் எதைத் தின்கிறார்கள், எந்த நேரத்தில் தின்கிறார்கள்? இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் வைத்து வருஷா வருஷம் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். முனைவர் பட்டம் கையில் இருந்தால்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பமாவது போடலாம். விதிப்படி கடைசி நீட்டிப்பும் வாங்கியாயிற்று, இனி வேண்டுமானால் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். இந்தக் கோடையோடு முடிக்க வேண்டும். டீக்கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "முடிஞ்சிரும்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மாடியில் சண்டை. அவர் சிங்கப்பூரில். வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை என்றால் அவருடைய அம்மா. ஜவ்வரிசி வத்தலுக்குப் பக்கத்தில் என் புழுக்கை சாம்பிள் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு செங்கல் எல்லை.

"ஊர்ல மருமகளுக எல்லாம் மாடியில மொளகா காயப் போடுறாளுக. எனக்கு வாச்சது ஆட்டுப் புழுக்கையக் காயப் போடுது."

"ஆடு இல்ல அத்தை, மான்."

"மானுன்னா மணக்குமா?"

சாம்பிளை உள்ளே எடுத்து வைத்தேன். நான்கு பாக்கெட் குறைகிறது. காக்கையா, அத்தையா தெரியவில்லை.

மே 12, செவ்வாய்

வெயில் நேற்றைப் போலவே. நாள் முழுக்க லேப்டாப்.

படங்களை ஒரு புரோகிராம் தானே பிரித்துவிடும்: மிருகம், ஆள், வெறும் படம். 'ஆள்' வந்தால் திறந்தே பார்க்க மாட்டேன், அப்படியே அழிப்பேன். விறகு பொறுக்கப் போகும் பெண்கள் பயந்தார்கள், படம் ரேஞ்சருக்குப் போய்விடும் என்று. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து அப்படியே.

மிருகத்தில் முக்கால்வாசி வெள்ளாடு. ஆடு, ஆடு, ஆடு, ஆட்டின் மூக்கு, ஆட்டின் பின்பக்கம். ஒரு கிடாய் கேமராவையே நக்கியிருக்கிறது. காப்புக்காடு என்று போர்டு வைத்திருப்பது யாருக்கு?

முழுப் பெயர் எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் புள்ளிமான் பு.மா., காட்டுப்பன்றி கா.ப.

எட்டில் ஏழு பிளாக்கில் எல்லாம் நான் எதிர்பார்த்தபடி. பு.மா. காலையும் மாலையும் வரும். மழைக்காலத்தில் புல். இப்போது புல் ஏது? உதிர்ந்த இலை, வீரை மரக் கொழுந்து, கீழே விழுந்த பாலைப்பழம். குரங்கு மேலே உலுக்க, மான் கீழே பொறுக்கும். கா.ப. இருட்டிய பிறகு வரும். கோரைக் கிழங்கு, வேர், புழு, மான் விட்டுப்போன பழம். ஒருத்தர் மேலே எடுப்பார், ஒருத்தர் தோண்டி எடுப்பார். ஒரே மரத்தடிதான், ஷிப்டு வேறு. தைல மரத் தோப்புப் பக்கம் இரண்டுமே இல்லை. அதன் கீழே புல்லும் கிடையாது, புழுவும் கிடையாது.

ஏழாம் பிளாக், பி-7 மட்டும் என் உயிரை வாங்குகிறது. தை மாதத்திலிருந்து இதே கதை. பு.மா.வும் கா.ப.வும் ஒன்றாக நிற்கின்றன. பட்டப்பகலில், குட்டிகளோடு, தலையைத் தாழ்த்திக்கொண்டு. ஒரு படத்தில் கொம்பு மான் பக்கத்திலேயே பெரிய பன்றி. இரண்டும் முகத்தைத் தூக்கிக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. அதுவும் வெள்ளி, சனியில்தான் கூட்டம். திங்கள் நான் போய்ப் பார்த்தால் பாலை மரத்தடியில் மண் குழிகுழியாக இருக்கும், ஒன்றும் மிச்சமிருக்காது. 'கா.ப. கிளறிய குழி' என்று எழுதி எழுதி வைத்திருக்கிறேன்.

நான் எழுதிய மூன்று அத்தியாயத்துக்கும் இந்த ஒரு மரத்தடி எதிராக நிற்கிறது. மண்டை காய்கிறது.

மே 14, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! குளிக்கும்போது தோன்றியது. வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையில் ஆட்டுச் சந்தை. ஆட்டுக்காரர்கள் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். காட்டில் ஆட்டுத் தொல்லை குறைகிறது, மானும் பன்றியும் துணிந்து பகலில் வருகின்றன, இருக்கிற பழத்தைப் பகிர்ந்து தின்கின்றன.

திருச்சிக்குக் கைடு சாருக்குப் போன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். கேட்டதும் குரலே மாறிவிட்டது.

"இதும்மா கண்டுபிடிப்பு! பஞ்சம் வந்தா போட்டி கூடும்னு எல்லாரும் எழுதுவான். நீ குறையுதுன்னு காட்டுற. இதையே தனி அத்தியாயமாப் போடு. ஜூன் கடைசியில சப்மிட் பண்ணிரலாம்."

இத்தனை வருஷத்தில் சார் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அத்தைக்கும் சேர்த்துப் பரோட்டா வாங்கி வந்தேன். "என்ன விசேசம்?" என்றார். "பட்டம் வரப்போவுது அத்தை" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். என்னை இல்லை, வடக்குப் பக்கம் பார்த்து. அந்தப் பக்கம் காடுதான், கோயில் ஏது?

மே 15, வெள்ளி

நாசமாய்ப் போயிற்று. எல்லாம் போயிற்று.

வெள்ளியன்று நேரில் போய்ப் பார்த்ததே இல்லையே, எவ்வளவு பழம் கிடக்கிறது என்று எண்ணிவிட்டு வருவோம் என்று போனேன். பி-7இல் பாலை மரத்துக்குப் பின்னால் பழைய அய்யனார் இடம் ஒன்று உண்டு. கூரை கிடையாது. மண் குதிரை மூன்று, ஒன்றுக்குத் தலை இல்லை. மண் குதிரை கொண்டுவந்து வைக்கும் புரவி எடுப்பெல்லாம் ஊருக்குள் இருக்கும் புதுக் கோயிலுக்குப் போய்ப் பல காலம். யாரும் வருவதில்லை என்றுதான் சின்னையா அண்ணன் சொல்லியிருந்தார். நானும் வரைபடத்தில் 'கைவிடப்பட்டது' என்று எழுதியிருந்தேன்.

அங்கே அத்தை. போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் சேலை. ஒரு பாக்கெட் கல்லுப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு பாக்கெட் ஏற்கனவே பாலை மரத்து வேரில் குவியலாகக் கிடந்தது. மேலே கொஞ்சம் மிளகு.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று ஷேர் ஆட்டோ ஏறுவாரே, அது இதுதான்.

என்னைப் பார்த்துப் பதறவெல்லாம் இல்லை. "வந்துட்டியா. இந்தப் பையப் புடி" என்றார், நான் கூட்டிப்போக வந்த மாதிரி.

"இங்க என்ன அத்தை பண்றீங்க?"

"தெரியலயா? சாமி கும்புடுறேன்."

"உப்பு எதுக்கு?"

"நேத்திக்கடன்."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். பின்ன அந்த மானுக்கா?"

வேரடி மண்ணைக் குனிந்து பார்த்தேன், நக்கிய தடம். அந்த மானுக்குத்தான் அத்தை. மானுக்கும் பன்றிக்கும்தான். கோடையில் உப்புக்கு ஏங்காத குளம்பு எது? காட்டில் இருப்பதெல்லாம் மோப்பம் பிடித்து வந்து நக்கியிருக்கிறது. பழத்தைப் பகிர்ந்து தின்னவில்லை. ஆட்டுச் சந்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பன்றி கிளறியது என்று எழுதிய குழியெல்லாம் உப்பு ஊறிய மண்ணை நக்கித் தின்ற குழி. திங்கட்கிழமைக்குள் சுத்தமாகத் துடைத்து வைத்துவிடுகின்றன.

அத்தை படம் எத்தனை வாரமாக என் லேப்டாப்பில் வந்திருக்கும். பார்க்காமல் அழித்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தேனே மகராசி.

ஸ்கூட்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்கிறார். சின்ன வயதில் கழுத்தில் மரு வந்து இங்கேதான் உப்பும் மிளகும் கொட்டிப் போயிற்றாம். அதனால் இந்த அய்யனார்மேல் தனி நம்பிக்கை. தை முதல் வெள்ளியில் நேர்ந்துகொண்டாராம், எனக்குப் பட்டம் வருகிறவரை வாரா வாரம் உப்பு.

"கேட்டா முடிஞ்சிரும், முடிஞ்சிரும்ங்குற. பெயிலாப் போயி வெளிய சொல்ல வெக்கப்படுறியோன்னு நெனச்சேன். பாவம், புள்ள வெயில்ல அலையுதேன்னு நேந்துக்கிட்டேன்."

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் காற்று மட்டும் அடித்தேன்.

மே 16, சனி

புழுக்கம். கைடு சாரிடம் சொன்னேன். முதலில் எந்த மரம் என்று கேட்டார். பிறகு:

"படத்துல உப்பு தெரியுதா?"

"தெரியல சார். வேர் மறைக்குது."

"ஒன் மாமியாரைத் தவிர யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப எனக்கும் தெரியாது. எழுதி முடி."

ஒரு நிமிடம் எனக்கும் சரி என்றுதான் பட்டது. பொய் எழுதவில்லை, ஒன்றைச் சொல்லாமல் விடுகிறேன், அவ்வளவுதானே என்று. பிறகுதான் யோசித்தேன். கோடையில் மானும் பன்றியும் ஒரே மரத்தடியில் பகிர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று நான் எழுதி, அதை ஒருத்தர் நம்பி, மிச்சமிருக்கும் பாலையையும் வீரையையும் வெட்டித் தைல மரம் வைத்தால்? இவ்வளவு காடு எதற்கு, கொஞ்சம் போதுமே என்று சொல்ல என் அத்தியாயம் ஒன்று போதும்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாருக்குக் கடுங்கோபம். "அப்ப அந்த உப்பை இன்னியோட நிறுத்து. எட்டு பிளாக்னு பதிஞ்சாச்சு, ஒண்ணக் கழிக்க முடியாது. ஜூன் முடிய சுத்தமான படம் வந்தா ஏதோ பாப்போம். இல்லைன்னா அடுத்த கோடைதான். நீட்டிப்புக்கு நீயே போய்க் கெஞ்சிக்க" என்று வைத்துவிட்டார்.

ஆக என் பட்டம் இப்போது அத்தை கையில்.

மே 17, ஞாயிறு

அத்தை காலையில் நல்ல மூடில் இருந்தார். இட்லி, காரச் சட்னி. சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன். மிருகம், உப்பு, படம், அத்தியாயம், எல்லாவற்றையும் தட்டில் இட்லித் துண்டு வைத்து விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அதனால அத்தை, நீங்க உப்பு போட்டா எனக்குப் பட்டம் வராது."

"போடாம இத்தன வருசம் வந்துச்சா?"

தட்டில் இருந்த இட்லித் துண்டையெல்லாம் நானே தின்றேன்.

மத்தியானம் முழுக்க வாக்குவாதம். நேர்ந்ததை நடுவில் நிறுத்தினால் சாமி குத்தம், நேர்ந்துகொண்டவருக்கு வராது, பிள்ளைகளுக்குத்தான் வரும் என்கிறார். "ஒத்தப் புள்ளையப் பெத்தவ நான்" என்கிறார். ஊர்க் கோயிலில் கொட்டுங்களேன் என்றால், "ஒரு ஆபீசுல குடுக்க வேண்டிய மனுவ இன்னொரு ஆபீசுல குடுப்பியா நீ?" என்கிறார். பேச்சில் இவரை வெல்ல என்னால் ஆகாது.

கடைசியில் ஒரு சமரசம்: சாமியிடமே பூ கேட்பது. வெள்ளை வந்தால் உப்பை ஊர்க் கோயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் முடியாது. விலங்கியல் படித்த நான் இதற்குத் தலையை ஆட்டினேன்.

மே 18, திங்கள்

கீரமங்கலம் சந்தையிலிருந்து பூ வாங்கி வந்தேன். வெள்ளைக்குச் சம்பங்கி, சிவப்புக்கு அரளி. தனித்தனியாக வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, ஊர்க் கோயிலில் சாமி காலடியில் போட்டார் பூசாரி. கோலமாவு விற்க வந்த ஒரு அம்மாளைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்.

நான் மனசுக்குள் சம்பங்கி, சம்பங்கி என்று ஜெபித்தேன். வெட்கமாக இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

அரளி.

"சாமிக்குச் சம்மதமில்ல. காட்டுலதான் வாங்கிக்குவேங்குது" என்றார் பூசாரி.

இன்னொரு தடவை போடலாமா என்றேன். பூசாரி என்னைப் பார்த்த பார்வை! அத்தை என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

கார்டு மாற்றப் போகவில்லை. சின்னையா அண்ணனுக்கு போன் செய்து இன்று லீவு என்றேன். "சந்தோசம் டீச்சர்" என்றார்.

மே 20, புதன்

நேற்றுச் சாப்பாடு மேஜையில் இருந்தது, ஆள் இல்லை. இன்று காலை நான் லேப்டாப்பில் நீட்டிப்பு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். அத்தை பின்னால் வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் திரையையே பார்த்தார்.

"என்னா எழுதுற?"

"இன்னும் ஒரு வருசம் குடுங்கன்னு கெஞ்சுறேன்."

"எழுதாத. நான் இனிமே காட்டுக்குப் போகல. குத்தம் வந்தா வரட்டும், நான் பாத்துக்கிறேன். நீ முடி."

சொல்லிவிட்டுப் போய்த் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டார். துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தார்.

சாருக்கு உடனே மெசேஜ். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. ஜூன் முடிய ஆறு வாரம். போதும், பண்ணிவிடலாம். விண்ணப்பத்தை மூடி வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 21, வியாழன்

சிங்கப்பூரிலிருந்து அவர் வீடியோ காலில். வேலை செய்யும் இடத்தில் வழுக்கிக் கணுக்காலில் சுளுக்கு, கட்டுப் போட்டிருக்கிறார். ரெண்டு நாள் லீவு. சிரித்துக்கொண்டுதான் பேசினார். நான் போனைத் திருப்பிக்கொள்வதற்குள் அத்தை கட்டைப் பார்த்துவிட்டார்.

பார்த்தீர்களா, இதுதான் என் ராசி. வருஷம் முழுக்க வழுக்காத கால் இந்த வாரம்தான் வழுக்க வேண்டும்.

அத்தை கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "தரை ஈரமா இருந்துச்சாம் அத்தை, அதான்" என்றேன்.

"ஆமா. ஈரந்தான்."

அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லையாம். மாடிக்குப் போனேன், வத்தலையெல்லாம் ஓரமாக ஒதுக்கி என் புழுக்கைக்கு வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பரப்பி வைத்திருந்தார். செங்கல் இல்லை.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மே 22, வெள்ளி

அத்தை காலையிலேயே குளித்துத் தலை சீவி, சேலை மாற்றி, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "அம்மா, வரலயா?" என்றார். "இல்லப்பா" என்றார். ஆட்டோ திரும்புகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இன்றோடு சேர்த்து ஆறு வெள்ளிக்கிழமை இவர் இப்படி உட்கார்ந்திருப்பார். நான் ஆறு வாரமும் சுத்தமான படம் எடுப்பேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இவர் முகம் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே எடுப்பேன். பிறகு பட்டம் வாங்கி, அதைக் கொண்டுபோய் இவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

என்ன ஜென்மம் இது என்று கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். மளிகைக் கடை. கல்லுப்பு ரெண்டு பாக்கெட், மிளகு கொஞ்சம்.

"ஏறுங்க" என்றேன்.

"எங்கிட்டு?"

"ஏறுங்கத்தை, சும்மா கேள்வி கேட்டுக்கிட்டு!"

பி-7 கேமராவை முதலில் கழற்றினேன். மரத்தில் பெல்ட் பட்ட தடம் பட்டையாக இருந்தது. ஏழாம் பிளாக் இனி என் ஆராய்ச்சியில் இல்லை. மூடி வைத்த நீட்டிப்பு விண்ணப்பத்தை அனுப்பி, ஏரிக்கரைப் பக்கம் வேறு மரம் பார்த்து, அடுத்த கோடையில் முதலிலிருந்து. அத்தை உப்பைக் கொட்டிக் கும்பிட்டார். ரொம்ப நேரம் கும்பிட்டார். மகன் பெயரையும் என் பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்னது காதில் விழுந்தது. புதருக்கு அந்தப் பக்கம் பெண் மான் ஒன்று அதற்குள் வந்து நின்றுகொண்டு, நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று பார்த்தது.

திரும்பும்போது தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பட்டம் எப்ப வரும்?"

"அடுத்த கோடை முடிஞ்சு."

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

"அம்புட்டு நாளும் நான் வெள்ளிக்கு வெள்ளி உப்பத் தூக்கிக்கிட்டு வரணுமாக்கும்?"

"ஆமாத்தை."

"நல்ல பொண்ணு போ. சீக்கிரம் படிச்சு முடிக்கிற வழியப் பாரு."